ஒளிபரப்புக்கேற்ற டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம்

மும்பையின் கிழக்குப் புறத்தே, செம்பூரை அடுத்து உள்ளது தேவ்நார். நாகபாடாவில் 1936இல் தொடங்கப்பெற்ற டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் 1954இல் இவ்விடத்திற்குப் பெயர்ந்தது. இக்கழகத்தில் உருவான செய்திப் படங்களுள் ஒன்று, 2003இல் வெளிவந்த ‘நாத்தா’ என்பது. உறவு என்பது இதன் பொருள். 1992–93ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் தாராவியில் சமூக நல்லிணக்கத்திற்காக உழைத்த இரு நண்பர்களைப் பற்றியது அப்படம்.

இத்தகைய படங்களில் பேசுவோர் நடிகர் அல்லர். தம் வாழ்வில் கண்டதைக் கூறும் மக்கள். தொகுப்பு வேலை முடிந்து, ஒளிபரப்பு நிலையத்திற்கென ஒரு படத்தைக் கோப்பாக மாற்றுங்கால் ஓர் எண் பிழைபட்டால், அம்மக்களின் சொல் நடுவே அறுந்துபோகக்கூடும். ஆகவே அவ்வெண்களின் பொருளை அறிதல் நன்று.

ஒளிபரப்புக்குரிய கோப்பு வகை ‘டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம்’ எனப்படும். 1995இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் எச்.222.0 என்ற எண்ணில் இதன் விதிகளை ஏற்றது. வட்டில் பதிவதற்கு ‘புரோகிராம் ஸ்ட்ரீம்’ என்ற வேறொரு வகை உண்டு. வட்டில் பிழைகள் அரிது. வான்வழியிலோ இடையூறுகள் மிகுதி. ஆதலின் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் படமும் ஒலியும் 188 பைட் அளவுள்ள சிறு சிப்பங்களாகப் பகுக்கப்படுகின்றன. சிப்பத்தின் முதல் 4 பைட்டுகள் தலைப்பு. எஞ்சிய 184 பைட்டுகளே பெரும்பாலும் சரக்கு. ஒரு சிப்பம் கெட்டாலும், அடுத்ததன் தலைப்பைக் கொண்டு பெறுகருவி மீண்டும் வழிபிடித்துக் கொள்ளும்.

மும்பையின் டப்பாவாலாக்கள் ஒவ்வொரு சாப்பாட்டு டப்பாவின் மீதும் ஒரு குறியை இடுகின்றனர். பல வீட்டு டப்பாக்கள் ஒரே ரயிலில் கலந்து சென்றாலும், அக்குறியால் அவை உரியவரை அடைகின்றன. சிப்பத்தின் தலைப்பிலுள்ள ‘பிஐடி’ என்னும் எண்ணும் அத்தகையதே.

இனி, தொகுப்பு மென்பொருளில் ‘மல்டிப்ளெக்ஸர்’ என்னும் பகுதியில் நாம் குறிக்க வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது, சிப்பத்தின் அளவு. சில காமிராக்களும் புளூரே வட்டுகளும் காலக் குறிப்புக்கென 4 பைட் கூட்டி, 192 பைட் சிப்பங்களைக் கையாள்கின்றன. ஒளிபரப்புக்கு 188ஐயே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, மொத்த வேகம். படத்திற்கு வினாடிக்கு 80 லட்சம் பிட், ஒலிக்கு 2,56,000 பிட் எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 82,56,000. தலைப்புகளைச் சேர்த்தால் இது சுமார் 84,35,000 ஆகும். அட்டவணைகளுக்கும் பிற குறிப்புகளுக்கும் இன்னும் சிறிது இடம் தேவை. எனவே மொத்த வேகத்தை 90 லட்சமாக, மாறா வேகமாக வைத்தல் தகும். எஞ்சும் இடத்தை 8191 என்ற பிஐடி கொண்ட வெற்றுச் சிப்பங்கள் நிரப்பும். இதனை வீண் என்று கருதி 80 லட்சமாகக் குறைப்பின், தரவு காலந்தாழ்ந்து வந்து படம் தடைப்படும். படத்தின் வேகம் மாறுந்தன்மையதாயின், அதன் உச்ச அளவைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும்.

மூன்றாவது, பிஐடி எண்கள். 0 முதல் 31 வரையுள்ளவை டிவிபி முறையில் ஒதுக்கப்பட்டவை. நிகழ்ச்சி அட்டவணைக்கு 256, படத்திற்கு 257, ஒலிக்கு 258 என வெவ்வேறு எண்களைக் கொடுக்கலாம். நிலையம் தனக்கென எண்களை விதித்திருப்பின் அவையே கொள்ளத்தக்கன.

நான்காவது, கடிகாரக் குறிப்பு. வினாடிக்கு 2 கோடியே 70 லட்சம் முறை துடிக்கும் கடிகாரத்தை அனுப்புவோரும் பெறுவோரும் ஒத்து வைத்துக்கொள்ள, ‘பிசிஆர்’ என்ற குறிப்பு இடையிடையே செல்கிறது. இரு குறிப்புகளுக்கு இடையே 100 மில்லி வினாடிக்கு மேல் செல்லலாகாது. டிவிபி முறையில் 40 மில்லி வினாடி பரிந்துரைக்கப்படுகிறது. இக்குறிப்பு பிறழ்ந்தால் உதட்டசைவும் குரலும் ஒவ்வாமற் போதல் கூடும்.

முழுப் படத்தையும் மாற்றுமுன், ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றிச் சோதிப்பது நலம். வினாடிக்கு 90 லட்சம் பிட் எனில், அத்துண்டு ஏறத்தாழ 6 கோடியே 75 லட்சம் பைட் இருக்கும். கோப்பின் சரியான அளவை 188ஆல் வகுத்துப் பார்க்க. மீதி வருமாயின் சிப்பத்தின் அளவு தவறியிருக்கலாம். அல்லது கோப்பு முழுமை பெறாதிருக்கலாம். மேலும், ஒவ்வொரு சிப்பமும் 71 என்ற மதிப்புடைய பைட்டுடன் தொடங்க வேண்டும்.

நிலையத்தாரின் தேவைப் பட்டியலை வேலையின் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, மேற்கண்ட நான்கையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே படத்தை அனுப்புதல் வேண்டும். கணினித் திரையில் படம் நன்றாக ஓடுவது மட்டும் போதிய சான்றாகாது. கணினி கோப்பினைத் தன் விருப்பம்போல் முன்கூட்டியே படித்துக்கொள்ளும். வீட்டிலுள்ள பெறுகருவியோ, வரும் சிப்பங்களை வரும் வேகத்திலேயே ஏற்றாக வேண்டும்.