சொல்லும் பொருளும் பிரிந்து தோன்றுதல்

நாடோறும் வழங்குஞ் சொல் ஒரோவழி நமக்கே அயலாய்த் தோன்றுதல் யாவரும் அறிந்ததே. ‘குறிஞ்சி’ என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். கோடைக்கானலிலுள்ள குறிஞ்சியாண்டவர் திருக்கோயிலில் அதனைக் கேட்பார்க்குப் பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலமலரும், மலைநிலமும், அந்நிலத் தெய்வமாகிய முருகப்பெருமானும் ஒருங்கே நினைவில் எழும். அச்சொல்லையே இடைவிடாது பன்முறை உச்சரிப்பின், மலரும் மலையும் மறைந்து நான்கெழுத்தின் ஓசையே எஞ்சுதல் உண்டு. இஃது எற்றாலெனச் சிறிது ஆராய்வாம்.

1907-இல் எலிசபெத் செவரன்ஸ், மார்கரெட் வாஷ்பர்ன் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர், ஒரு சொல்லை நெடிது நோக்கியிருப்பின் அதன் பொருள் நழுவுதலை ஆராய்ந்து வெளியிட்டனர். 1962-இல் லியோன் ஜேக்கோபோவிட்ஸ் என்பார், கனடாவிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்திற் செய்த ஆராய்ச்சியில், இதற்குப் ‘பொருள் தெவிட்டுதல்’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். ஒரே வழியில் ஓயாது தூண்டப்பெறும் மூளை அவ்வழியிற் சிறிதுபொழுது அயரும் என்பதும், இளைப்பாறியபின் பொருள் மீளும் என்பதும் உளநூலார் கூறும் விளக்கமாம்.

இதனை நம் சித்தாந்த அளவையோடு ஒப்பவைத்துக் காணலாம். காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் என நம் நூல்கள் பகுக்கும். பொருளின் உண்மை மாத்திரையே தோன்றுவது முன்னது. பெயர், சாதி, குணம், தொழில், உடைமை என்பவற்றோடு கூட்டி ‘இஃது இன்னது’ எனத் துணிவது பின்னது. சொல் வெறிதாய்த் தோன்றும்போது செவி ஓசையைப் பற்றிநிற்கின்றது. புத்தி துணிதல் ஒழிகின்றது. அயர்ந்தது கருவியே, அறியும் உயிரும் அன்று, சொல்லின் பொருளும் அன்று. அவை அழிந்தனவாயின், சிறிதுபொழுதில் அப்பொருள் மீண்டு விளங்குதல் யாங்ஙனம்?

அற்றேல், திருநாமத்தைப் பன்முறை கணிப்பார்க்கும் பொருள் நழுவுமே. செபம் பயனின்றி ஒழியுமோ எனின், ஒழியாது. தைப்பூசத்திற்குக் காவடியேந்திப் பழநிக்கு நடந்துவரும் அடியார் வழக்கை நோக்குக. அவர்கள் ‘அரோகரா’ என்பதனைத் தனியே அடுக்கிக்கொண்டு செல்வாரல்லர். ஒருவர் ‘கந்தனுக்கு’ என்ன, ஏனையோர் ‘அரோகரா’ என்பர். அடுத்து ‘வேலனுக்கு’ என்பர். இடையிடையே சிந்து பாடுவர். ஏறக்குறைய 690 படிகளும் ஏறுங்காற் பெருமான் எழுந்தருளிய மலையுச்சி நெஞ்சில் நிற்கும். நாமம் மாறுதலானும், மூச்சு ஆறுதலானும், மெய்யும் மனமும் உடன்படுதலானும் ஓசை பொருளைவிட்டு நீங்குதற்கு இடம் அருகுகின்றது. உளநூல் தோன்றுமுன்னரே பழக்கங் கற்பித்த முறை இதுவென யாங் கருதுகின்றோம்.

ஆகவே, செபத்தில் திருநாமம் வெற்றோசையாய்த் தோன்றுமிடத்து அன்பர்கள் இரண்டு பிழைகளை விலக்குதல் வேண்டும். அன்பு வற்றிற்றென்று அஞ்சிக் கணிப்பைக் கைவிடுதல் ஒன்று. பொருளற்ற அவ்வெறுமையே சிவானுபவமென்று களித்தல் மற்றொன்று. முன்னது கருவியின் அயர்வை உயிரின் குறையாகக் கொள்வது. பின்னது அவ்வயர்வையே அருளாகக் கொள்வது. எண்ணிக்கையை விரைந்து முடிக்கக் கருதாது, சிறிது நின்று, நாவை அடக்கிப் பொருளை மனத்தால் நினைந்து, பின்னர் மீண்டுந் தொடங்குக.