தோல் வணிகமும் ஜெர்மன் பாஷையும்

கேள்வி: ஆம்பூர்த் தோல் கம்பெனியில் ஏற்றுமதிக் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஜெர்மன் கற்பது பிரயோஜனப்படுமா? (ஒரு வாசகர், ஜோலார்பேட்டை)

பதில்: கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால் அத்தியாவசியமென்று சொல்லேன், ஆயினும், சரக்கைப் பார்வையிட வரும் ஜெர்மானியரை அவர் பாஷையிலேயே உபசரித்து, விலையையும் தேதியையும் பிழையறக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கேனும் பயில்வது மிக்க அனுகூலம். முதலில் எண்களில் கவனம் வையுங்கள்: ஒன்றாம் ஸ்தானத்தை முன்னும் பத்தாம் ஸ்தானத்தைப் பின்னும் உச்சரிப்பது அவர்கள் சம்பிரதாயமாகையால், ‘ஐந்தும் நாற்பதும்’ என்று செவியில் விழுந்ததை அவசரத்தில் 54 என்று குறித்துக்கொண்டால், ஜோடிக் கணக்கே தலைகீழாகிவிடும். ஏ1 என்னும் முதற்படிக்கு 45 நிமிஷப் பாடங்கள் 80 முதல் 200 வரை வேண்டுமென்பது கதே நிறுவனத்தின் மதிப்பீடு, அதன் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவனுக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸில் போய்வருவதைவிட (ரயிலில் படிப்பு வராது, தூக்கந்தான் வரும்!) இணையவழி வகுப்பே உங்களுக்கு உசிதம்.