கத்தரிக்கோல் யார் கையில்?

குடிநீர், கழிப்பறை, குப்பை, பேருந்து என அன்றாடச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, பொறியாளர்களையும் மாணவர்களையும் ஊர்மக்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துத் தொழில்நுட்பத் தீர்வு தேடும் கூட்டு வடிவமைப்புப் பட்டறைகள் பெருகிவருகின்றன. எனக்கு இந்த முறையில் ஆழ்ந்த நம்பிக்கை உண்டு. ஆனால் பல இடங்களில் ஊர்மக்களின் வேலை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதும் கடைசி நாளில் கருவியை இயக்கிப் பார்ப்பதுமாகச் சுருங்கிவிடுகிறது. சிக்கல் இன்னதென்று வரையறுக்கும் உரிமையும், செய்த மாதிரியை வெட்டி மாற்றும் உரிமையும் அவர்களிடம் இருந்தாக வேண்டும். அவர்கள் மேலுள்ள இரக்கத்தால் இதைச் சொல்லவில்லை. அந்த இரண்டும் இல்லாத பட்டறையில் பிறக்கும் கருவி நீண்ட நாள் ஓடுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் உருவான ‘பிளேபம்ப்’பைப் பாருங்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேல்தொட்டிக்கு ஏறும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரம் ஒட்டி, அந்த வருமானத்தில் பராமரிப்பை நடத்தலாம் என்பது திட்டம். 2006இல் அமெரிக்காவில் இதற்கு 1.64 கோடி டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. பிறகு ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்ற இலக்கை வைத்து பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழ் கணக்குப் போட்டது: குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணிநேரம் விளையாட வேண்டியிருக்கும்! பல ஊர்களில் குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்கள்தாம் அந்தச் சக்கரத்தைக் குனிந்து தள்ளினார்கள். பழுதானால் உள்ளூரில் சரிசெய்ய வழியில்லை. ‘காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வேண்டும், அப்போது பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்?’ என்று ஒரு தாயிடம் கேட்டிருந்தால் இந்தக் கணக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதற்கு நேரெதிரான வரலாறு நம் பக்கத்திலேயே இருக்கிறது. நாம் பார்த்து வளர்ந்த அடிபம்பான இந்தியா மார்க் 2, யுனிசெஃப் உதவியுடன் 1970களில் உருவாக்கப்பட்டது. அதன் மாதிரிகள் கோவை வட்டாரத்தில் ஓட்டிச் சோதிக்கப்பட்டன. உறுதியான பம்பு. ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் கருவிகளும் பயிற்சி பெற்ற குழுவும் வர வேண்டும். அவர்கள் வரும்வரை ஊர் காத்திருக்கும். ஆகவே 1980களில், மறுபடியும் கோவை மாவட்டத்தில், கேள்வியையே மாற்றிச் சோதித்தார்கள்: ஊரிலுள்ளவரே பழுது பார்க்கும்படி செய்ய முடியுமா? குழாயை அகலமாக்கினால் அதை அசைக்காமலே பிஸ்டனை மட்டும் மேலே உருவி எடுத்துவிடலாம் என்பது விடையாக வந்தது. அதுவே மார்க் 3. அகலக் குழாய்க்கு எடையும் விலையும் கூடியதால் அது எல்லா இடத்திலும் மார்க் 2இன் இடத்தைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ‘எவ்வளவு ஆழத்திலிருந்து இறைக்கும்’ என்ற கேள்வியும் ‘கெட்டுப்போனால் யார் கழற்றுவார்’ என்ற கேள்வியும் இரண்டு வேறு பொருள்களைப் பிறப்பிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பட்டறை நடத்துபவர்கள் முதல் பகுதி முழுவதையும் கேள்வியை எழுதுவதற்கே ஒதுக்குங்கள். அதுவரை யாரும் தீர்வு பேச வேண்டாம். நிதி கொடுத்தவர் அனுப்பிய கேள்வியை அடித்துவிட்டு வேறு எழுதும் சுதந்திரம் அந்த அறைக்கு இருக்கட்டும்.

அடுத்தது, மேசைமேல் என்ன இருக்கிறது என்பது. மடிக்கணினி திறந்ததுமே பேச்சு அதைக் கையாளத் தெரிந்தவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதை ஸ்காண்டிநேவியர்கள் வெகுமுன்பே கண்டுகொண்டார்கள். கணினி அச்சுக்கோப்பு வந்து தொழிலாளர்களின் வேலையையும் திறனையும் விழுங்கிவிடும் என்ற அச்சம் இருந்த காலத்தில், 1981இல் அங்கே அச்சுத் தொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்து ‘யுடோபியா’ திட்டம் தொடங்கியது. ஆய்வாளர்களின் விளக்கப் படங்கள் தொழிலாளர்களுக்கு எட்டவில்லை. எனவே ஒட்டுப்பலகை, காகிதம், அட்டைப்பெட்டி ஆகியவற்றால் கணினி மேசையைப் போலவே செய்து வைத்தார்கள். வெறும் அட்டைப்பெட்டி ஒன்று லேசர் பிரிண்டராக நின்றது. பக்க வடிவமைப்பாளர்கள் அதன்முன் உட்கார்ந்து தம் வேலையைச் செய்துகாட்டியபோது, எது கைக்கு எட்டவில்லை, எது இடறுகிறது என்பதெல்லாம் தானாக வெளிப்பட்டது. அட்டையை வெட்ட யாரும் தயங்குவதில்லை. பளபளப்பான மாதிரியைக் கண்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மாதிரி அரைகுறையாக இருப்பது நல்லது. கத்தரிக்கோலைப் பயன்படுத்தப்போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

தொழில்நுட்பத்தில் எதெல்லாம் முடியும் என்று தெரியாதவர்களிடம் கேட்டு என்ன பயன் என்று பொறியாளர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலையுயரக் கணிப்பு கிடைக்கும் என்பது வீராம்பட்டினத்து மீனவர் சொல்லித் தெரிந்ததாக இருக்க முடியாது. அந்த அறிவு வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் கடலுக்குப் போகுமுன் எந்தச் செய்தி தேவை, அது எந்த வழியில் எல்லாருக்கும் எட்டும் என்பது ஊரின் அறிவு. கணிப்பு கணினித் திரையோடு நிற்கவில்லை. ஒலிபெருக்கியில் கடற்கரைக்குக் கேட்கும்படி வாசிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து சுனாமி பற்றித் தொலைபேசி வந்தபோது, அந்த ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கிதான் மக்களை வெளியேறச் சொன்னது. வீடுகள் இடிந்தன, உயிரிழப்பு இல்லை.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் இன்னொன்று. ‘ஊர்மக்கள்’ என்று அழைத்தால் வருபவர்கள் யார்? பெரும்பாலும் ஊரில் ஏற்கெனவே குரல் உள்ள ஆண்கள். அவர்கள் ஒப்புக்கொண்டதை ஊரே ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டால், பட்டறை சாதிக்கும் ஆணாதிக்கத்துக்கும் புது முத்திரை குத்தியதாகிவிடும். இது உண்மையான அபாயம். அதற்காகப் பட்டறையைக் கைவிட்டால், அதே முடிவுகளை இன்னும் குறைந்த ஆட்கள் எடுப்பார்கள், அவ்வளவே. புதுச்சேரி மையங்களுக்கு இடம் தரும் ஊரிடம், எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்துபோகக்கூடிய பொது இடமாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக வைக்கப்பட்டது. பட்டறைக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும். கூலிவேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். மாணவருக்குச் சான்றிதழ், பேராசிரியருக்குப் பயணப்படி, கூலிக்காரருக்கு நன்றி மட்டும் என்பது அநீதி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள். பெண்கள் முதலில் தனியாகப் பேசி முடித்துப் பிறகு பொது அமர்வுக்கு வரட்டும். தமிழிலேயே பேசுங்கள், பொறியாளருக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

இத்தனைக்கும் நேரமும் பணமும் எங்கே என்று கேட்பார்கள். இரண்டு நாள் பட்டறையில் இது நடக்காது என்பது சரி. அப்படியானால் இரண்டு நாளில் கேள்வியை மட்டும் எழுதி முடியுங்கள். மாதிரிக்கு மறுபடி கூடுங்கள். பரிசுத்தொகைக்கும் மேடைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஆறு மாதம் கழித்து அதே ஊருக்குப் போய் கருவி ஓடுகிறதா, யார் ஓட்டுகிறார், எதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள் என்று பார்ப்பதற்கு வையுங்கள். விண்ணப்பத்தின் வரவுசெலவுப் பட்டியலில் இந்த வரியைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் கேட்டால் கிடைப்பதில்லை.