உங்க நாய் கடிக்க என்ன கொடுக்கறீங்க?

மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போயிருக்கிறீர்களா? அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சியைப் பார்த்த கூட்டம், அப்படியே நாய்க் கண்காட்சிக்கும் நகரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, லாப்ரடார், டாபர்மேன் என்று விதவிதமாக வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஏரிப் பக்கம் வந்தால், சுடச்சுட மக்காச்சோளம்!

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், இரண்டு வயது லாப்ரடாரோடு அங்கே போயிருந்தது. பையன் சோளத்தைத் தின்றுவிட்டு, வெறும் கட்டையை நாய்க்குப் போட்டான். மூன்றே கடி... காணோம்! எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிப்பு போய்விட்டது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்கேனில்தான் குடலை அடைத்துக்கொண்டிருந்த துண்டு தெரிந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நாய் பிழைத்துவிட்டது. ஆனால், சோளக்கட்டை வயிற்றில் கரையாது என்பதை அந்தக் குடும்பம் ரொம்பச் செலவு செய்து கற்றுக்கொண்டது.

'அப்ப எதையுமே கடிக்கக் கொடுக்கக் கூடாதா?' என்று கேட்காதீர்கள். கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். குட்டிக்கு 28 பால்பற்கள். மூன்று, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அந்தச் சமயத்தில் ஈறு நமநமவென்று ஊறும். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால், சோபாக் காலையும் உங்கள் செருப்பையும் அதுவே எடுத்துக்கொள்ளும். (பழைய செருப்புதானே என்று நீங்களே கொடுப்பதும் தப்பு. பழசு, புதுசு அதற்கு எப்படித் தெரியும்?) வளர்ந்த நாய்க்கும் கடிப்பது ஒரு வேலை, ஒரு நிம்மதி. வீட்டில் தனியாக இருக்கும் நாய்க்கு இது இன்னும் முக்கியம்.

தப்பு நடப்பது எங்கே தெரியுமா? 'ரொம்ப நேரம் தாங்கணும், அதனால கெட்டியா வாங்குவோம்' என்று நினைக்கிறோமே, அங்கேதான்!

நாயின் மேல்தாடையில், கன்னத்துப் பக்கம், கத்தரிக்கோல் மாதிரி ஒரு பெரிய பல் இருக்கும். கெட்டியான பொருளை அந்தப் பல்லில் வைத்துத்தான் உடைக்கும். நாய்ப் பல்லின் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது. மாட்டுக் கால் எலும்பு, குளம்பு, கொம்பு இவற்றைக் கடிக்கும்போது அந்தப் பல் பாளமாகப் பிளந்துவிடும். வலியை நாய் சொல்லாது. சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். நாமும் கவனிப்பதில்லை, உள்ளே சீழ் பிடிக்கும். கண்ணுக்குக் கீழே வீங்கும்போதுதான் டாக்டரிடம் ஓடுகிறோம்.

வாங்குமுன் உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகவாவது பதிய வேண்டும். அல்லது, 'இதால் என் முழங்காலில் ஓங்கி ஓர் அடி அடித்தால் தாங்குவேனா?' என்று கேட்டுப் பாருங்கள். நினைத்தாலே வலிக்கிறதா? அப்படியானால் அது உங்கள் நாயின் பல்லுக்கும் வேண்டாம். அளவும் முக்கியம். முழுசாக வாய்க்குள் போகாத அளவு பெரிதாக இருக்க வேண்டும். கடித்துக் கடித்துச் சிறிதானதும் வாங்கி வைத்துவிடுங்கள். கடைசித் துண்டை விழுங்கும்போதுதான் தொண்டை அடைக்கும்.

இப்போது சேர்வராயன் மலை வீட்டையே எடுத்துக்கொள்வோம். நாய்க்கு எட்டும் இடத்தில் என்னென்ன கிடக்கிறது பாருங்கள். சேலத்து மாம்பழ சீசன் வந்தால் மாங்கொட்டை. வழுக்கிக்கொண்டு உள்ளே போய், சோளக்கட்டை செய்த அதே வேலையைச் செய்யும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு, வெந்தது என்பதால் ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை எலும்பு அப்படி உடையாது என்பது ஓரளவு உண்மைதான். ஆனாலும் பல் உடையலாம். சால்மோனெல்லா கிருமி வேறு. குழந்தைகள் தவழும் வீட்டில் எதற்கு வம்பு? கீழே சமவெளியில் மரவள்ளி நிறைய விளைகிறது, ஜவ்வரிசி ஊராயிற்றே! பச்சை மரவள்ளியில் சயனைடு விஷம் உண்டாகும். தோலைக்கூட நாய்க்குப் போடாதீர்கள். சர்க்கரைவள்ளி வேறு, அது நல்லது. வேகவைத்து, கனமான வில்லைகளாக நறுக்கி, ஈரம் போகக் காயவைத்தால் தோல் மாதிரி இழுவையாக இருக்கும்.

அப்புறம் காபி. தோட்டத்தில் கொட்டை காயப் போட்டிருந்தாலும் சரி, ஃபில்டர் சக்கையை ரோஜாச் செடிக்குப் போட்டிருந்தாலும் சரி, நாய் வாய் வைக்காமல் பாருங்கள். காஃபின் நாய்க்கு விஷம். படபடப்பு, வாந்தி, வலிப்பு வரை போகும். ஆனால் காபிக் கட்டை வேறு விஷயம். வயதாகி வெட்டிய காபிச் செடியின் கட்டையை, நாய் கடிப்பதற்கென்றே வெளிநாடுகளில் விற்கிறார்கள். கடித்தால் சிம்பாகாமல் நாராகப் பிரிகிறது என்கிறார்கள். 'நம்ம எஸ்டேட்லயே கிடக்குதே' என்று ஒன்றை எடுத்துப் போடலாமா? வேண்டாம். தண்டுத் துளைப்பான் பூச்சிக்காகத் தண்டிலேயே மருந்து தடவும் வழக்கம் உண்டு. அதோடு, என்ன இருந்தாலும் மரம் மரம்தான், நகம் பதியாது. காட்டில் மான் கொம்பு கிடைத்தாலும் தொடாதீர்கள். பல் உடைவது இருக்கட்டும். 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டுக்கு எடுத்து வருவதே குற்றம்!

கடைச் சரக்குக்கு வருவோம். முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு, எலும்பே அல்ல, மாட்டுத்தோலின் உள்படலம். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறி, வெளுத்து வருகிறது. 2017ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, கிருமி கொல்லும் ரசாயனம் கலந்துவிட்டது என்று இந்த வகையைத் திரும்பப் பெற்றது. அதைவிட, ஊறி வழவழப்பான துண்டு தொண்டையில் சிக்குவதுதான் பெரிய பயம். எனக்கு இது பிடிப்பதில்லை. நேபாளத்துச் சுர்பி, அதாவது பாலைத் திரித்துக் காயவைத்த கட்டி, பொருளாக நல்லதுதான். கல் மாதிரி இருப்பதால், வெறியோடு கடிக்கும் நாய்க்கும் வயதான நாய்க்கும் வேண்டாம்.

அப்படியென்றால் எதுதான் நெடுநேரம் தாங்கும்? நக்கி நக்கித் தின்ன வேண்டியது! 1970களில் ஜோ மார்க்கம் என்ற அமெரிக்கர், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்ட தன் நாய்க்கு, ஃபோக்ஸ்வாகன் வேனின் ரப்பர் பாகம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். நாய் விடவே இல்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 'காங்' என்ற உள்ளீடற்ற ரப்பர் பொம்மை. அந்த மாதிரி ஒன்றை வாங்கி, உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதம், எலும்பு நீக்கிய கோழித் துண்டு இரண்டு போட்டு அடைத்து, ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் கொடுத்தால் அரை மணிக்குக் குறையாமல் போராடும். பல்லுக்கும் சேதமில்லை, குடலுக்கும் பயமில்லை. வெங்காயம், திராட்சை மட்டும் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் டப்பாவில் 'சைலிட்டால்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது நாய்க்குக் கொடிய விஷம். பல் முளைக்கும் குட்டிக்கு, சுத்தமான துணியை நனைத்து முறுக்கி, உறையவைத்து, நீங்கள் பக்கத்தில் இருந்து கொடுங்கள். இந்தத் தீனியெல்லாம் ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

எவ்வளவு பார்த்தும் எதையாவது விழுங்கிவிட்டதா? உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே உயிருக்கு ஆபத்து. விளக்கெண்ணெயும் வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றைத் தொட்டால் முனகல், மலம் போகாமல் முக்குதல்... இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு, சேலம் ஆஸ்பத்திரிக்கு நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரவு நேரத்தில் ஆபரேஷன் செய்யும் கால்நடை டாக்டர் யார், நம்பர் என்ன என்று இன்றைக்கே கேட்டு எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

அந்த வளைவுகளைப் பற்றி இன்னொன்று. காரில் நாயைக் கூட்டிக்கொண்டு மலை ஏறும்போது, 'சும்மா இருக்கட்டும்' என்று எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். வண்டி திரும்புகிற வேகத்தில் துண்டு தொண்டைக்குள் போனால், முன் சீட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. மேலே போய்ச் சேர்ந்து, தண்ணீர் காட்டி, கொஞ்ச நேரம் நடக்கவிட்டு, அப்புறம் கொடுங்கள்.