மூச்சும் தசையும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் பெரியோர். ஆயினும் விளையாட்டு வகுப்பு மணி அடித்ததும் மரநிழலைத் தேடும் தோழியர் நம்மிடையே உண்டு. அவர்களையும் மனத்திற்கொண்டே இக்கட்டுரையை வரைகின்றோம்.

தசை இயங்க ஆற்றல் வேண்டும். அதைப் பெறும் வழிகள் இரண்டு. அறிவியல் பாடத்தில் நாம் படித்த காற்றுள்ள சுவாசமும் காற்றில்லாச் சுவாசமுமே அவை. நிதானமாக நெடுநேரம் ஓடும்போது, இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவின் துணையால் சர்க்கரையும் கொழுப்பும் முழுமையாக எரிகின்றன. திடீரென முழு வேகத்தில் பாயும்போதோ, அவ்வளவு பிராணவாயு உடனே வந்து சேர்வதில்லை. தசை தன் கையிருப்பைக் கொண்டே சமாளிக்கிறது. ஓரிரு நிமிடங்களுக்கு மேல் அவ்வேகம் தாங்காது. அப்போது உண்டாகும் லாக்டிக் அமிலம், தயிருக்குப் புளிப்பைத் தருகின்ற அதே பொருள்தான். மறுநாள் காலில் காணும் வலிக்கு அதுவே காரணம் எனப் பலர் கூறுவர், அது சரியன்று. ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்திற்குள் அது பெரும்பாலும் நீங்கிவிடும். மறுநாள் வலி, பழகாத வேலையால் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவால் வருவது.

தஞ்சைத் தரணியில் வாழும் நாம் எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. குறுவை நடவில் நம் தாய்மார் சேற்றில் நின்று பேசிக்கொண்டே நாற்று நடுகின்றனர். பேச முடிகிறதென்றால் அது காற்றுள்ள வேலை. நெற்கட்டைத் தூக்கித் தலையில் ஏற்றும் அந்த நொடியோ மற்றதைச் சேர்ந்தது. (இதைப் பயிற்சி என்று புகழ்ந்துவிட்டு, அவர்களுடைய முதுகுவலியை மறப்பது நியாயமன்று.)

இரண்டும் கலந்து நிற்கும் ஆட்டம் கபடி; நம் பாட்டிமார் காலத்துச் சடுகுடு. ஒருமுறை பாடிச் செல்ல 30 விநாடியே உண்டு. அந்தப் பாய்ச்சல் காற்றில்லா வகை. ஆனால் பெண்கள் ஆட்டமோ 15 நிமிடம் கொண்ட இரு பகுதிகள். ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையில், தீர்ந்த கையிருப்பை நிரப்பித் தருவது காற்றுள்ள சுவாசமே. முதல் பகுதியில் புலியாய்ப் பாய்ந்தவர் பிற்பகுதியில் துவண்டு பிடிபடுவது இதனால்தான். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி முதன்முதலாக இடம்பெற்றபோது தங்கம் வென்றது நம் இந்திய அணி என்பதையும் பெருமையோடு நினைக்கின்றோம்.

எந்தப் பயிற்சி எதை வளர்க்கும்? ஜப்பானிய அறிஞர் இசுமி டபாட்டாவும் அவர்தம் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு குழுவினர் நாள்தோறும் ஒரு மணி நேரம், வாரம் 5 நாள், நிலையான மிதிவண்டியை நிதானமாக மிதித்தனர். 6 வாரங்களில் பிராணவாயுவை ஏற்கும் திறன் உயர்ந்தது. காற்றில்லாத் திறன் உயரவில்லை. மற்றொரு குழுவினர் 20 விநாடி முழுவேகம், 10 விநாடி ஓய்வு என ஏழெட்டு முறை மிதித்தனர். அவர்களுக்கு இரண்டுமே உயர்ந்தன. காற்றில்லாத் திறன் 28 சதவீதம் கூடியது. உடனே எல்லோரும் இதில் இறங்கிவிடலாகாது! அவர்கள் உடற்கல்வி பயின்ற இளைஞர்கள். நாம் முதலில் சில வாரம் புது ஆற்றுக் கரையில் நிதானமாக ஓடிப் பழகுவோம். மிதிவண்டியில் பள்ளிக்கு வருவோர்க்குப் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று உண்டு, பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். பிராணவாயுவைச் சுமப்பது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினர்க்கு இரத்தசோகை. இரண்டு சுற்று ஓடியதும் மூச்சிரைத்து உட்காரும் பெண்ணைச் சோம்பேறி என்கிறோமே, அவள் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தோமா? அளவு 12 கிராமுக்குக் குறைந்தால் மருத்துவரைக் காண வேண்டும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறியாமல், உணவுக்குப் பின் விழுங்குவோம். காப்பியும் தேநீரும் இரும்பு சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ உடன் சேர்த்தால் நன்று.