மான் ஏன் விழவில்லை?
(இயற்பியல் பகுதி)

போன இதழில் எழுதுகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டேன். இந்தத் தடவை எழுதிவிட்டேன்.

எங்கள் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வேட்டைக்காரர்கூட செஞ்சி மலைப்பக்கம் போவாராம். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தின கதை இது. இப்போது மானைச் சுட்டால் ஜெயில்தான். தாத்தாவின் வேலை மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போவது. அந்தக் காலத்து நாட்டுத் துப்பாக்கிக்கு வாய் வழியாகத்தான் எல்லாம். முதலில் கருமருந்தைக் கொட்டணும், அப்புறம் துணி, அப்புறம் ஈயக் குண்டு, கடைசியில் கம்பியால் குத்திக் கெட்டிக்கணும்.

ஒருநாள் நூறு தப்படி தூரத்தில் ஒரு புள்ளிமான். சுட்டார். குண்டு பட்டது, ஆனால் மான் விழவில்லை, ஓடிப்போய்விட்டது. ரெண்டு நாள் கழித்து ஓடையோரம் செத்துக் கிடந்ததாம். "நீதான்டா மருந்த நமக்க வுட்டுட்டே" என்று அந்த ஆள் தாத்தாவை அடித்திருக்கிறார். தாத்தா இன்னமும் அதைச் சொல்வார், "என்னாலதான் அந்த மானு ரெண்டு நாளு துடிச்சிது பாப்பா" என்று. மருந்து நிஜமாகவே நமத்திருந்ததா என்பது அவருக்கே தெரியாது.

உந்த மாறா விதி பாடம் நடந்த அன்று எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. சாரிடம் கேட்டேன். "பெஞ்சமின் ராபின்ஸ் பற்றிப் படி" என்றார்.

ராபின்ஸ் இங்கிலாந்துக்காரர், பிறந்தது 1707. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை முதன்முதலில் சரியாக அளந்து காட்டியவர் அவர்தான். 1742-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். குண்டு கண்ணுக்கே தெரியாது, அன்றைக்கு மின்சாரக் கடிகாரமும் கிடையாது. அப்புறம் எப்படி அளந்தார்? ஐம்பது பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒரு மரப்பலகை ஊசலைத் தொங்கவிட்டு அதில் சுட்டார். குண்டு பலகையில் புதைந்ததும் இரண்டும் சேர்ந்து மெதுவாகப் பின்னால் போகும். எவ்வளவு போனது என்று ஊசலோடு கட்டிய ஒரு ரிப்பன் காட்டிக்கொடுக்கும். மோதலுக்கு முன்னும் பின்னும் உந்தம் சமம். ஆகவே ஊசலின் வேகம் தெரிந்தால் குண்டின் வேகமும் தெரிந்துவிடும்.

முக்கால் அங்குல ஈயக் குண்டை ஒரே அளவு மருந்து போட்டு மூன்று தூரத்திலிருந்து சுட்டார். 25 அடியில் வேகம் வினாடிக்கு 1670 அடி. 75 அடியில் 1550. 125 அடியில் 1425. நடுவில் இருந்தது வெறும் காற்று! நூறு அடி காற்றைத் தாண்டுவதற்குள் இவ்வளவு வேகம் போய்விட்டது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆற்றலில் கால் பங்குக்கு மேல் காலி. அந்தக் குண்டின் மேல் காற்றின் தடை அதன் எடையைப்போல சுமார் 120 மடங்கு. காற்றே இல்லாவிட்டால் 17 மைல் போக வேண்டிய குண்டு அரை மைலுக்குள் விழுந்துவிடுகிறது. அதுவரை பெரிய பெரிய ஆட்களிலேயே பலர் காற்றை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

உருண்டைக் குண்டுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. குழாயில் உரசிச் சுழன்றுகொண்டே வெளியே வருவதால் வளைந்து போகும். கிரிக்கெட்டில் சுழல்பந்து காற்றில் விலகுவது மாதிரிதான்.

நாங்களும் ஊசல் செய்தோம். பால்பவுடர் டின்னில் ஏரிக் களிமண்ணை அடைத்தோம், மொத்தம் 495 கிராம். ஒரு மீட்டர் நூல் நான்கு கட்டித் தொங்கவிட்டோம். குண்டு 5 கிராம் கோலி, துப்பாக்கி என் தம்பியின் உண்டிக்கோல். பின்னால் சுவர், முன்னால் யாரும் நிற்கக்கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓரத்தில் பட்டால் டின் சுற்றிக்கொள்ளும். அந்த அளவுகளை எல்லாம் அடித்துவிட்டோம்.

3 மீட்டரிலிருந்து அடித்தபோது டின் பின்னால் போனது சராசரியாக 9.5 செ.மீ. அப்படியானால் டின்னின் வேகம் வினாடிக்கு 0.3 மீட்டர். கோலியும் டின்னும் சேர்ந்தால் கோலியைப்போல 100 மடங்கு நிறை, ஆகவே கோலியின் வேகம் 30 மீட்டர். 15 மீட்டரிலிருந்து இருபது தடவை அடித்ததில் இரண்டுதான் பட்டது. அப்போது 8.5 செ.மீ., அதாவது சுமார் 27 மீட்டர். இந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன், ரப்பரை இழுத்ததில் வந்த பிழையாகவும் இருக்கலாம். ராபின்ஸின் அளவைத்தான் நம்புகிறேன்.

ஆனால் ஒன்று நிச்சயம். உந்தம் அப்படியே இருந்தாலும் கோலியின் இயக்க ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குதான் டின்னை நகர்த்தியது. மிச்சம் 99 பங்கும் களிமண்ணைக் குடைவதிலும் சூட்டிலும் போய்விட்டது. குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். மானின் உடம்பிலும் இப்படித்தானே என்று நினைத்ததும் விரலை எடுத்துவிட்டேன்.

ராபின்ஸ் நமக்கு ரொம்பத் தூரத்து ஆள் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கோட்டைகளைச் சரிசெய்ய இங்கே அனுப்பியது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையில்தான் 1751 ஜூலை 29 அன்று காய்ச்சலில் இறந்தார். அந்தக் கோட்டையை 1690-இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் என்று பேச்சு. அப்படிக் கிடைத்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்று பெயர். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டவர் அங்கேயே வந்து கண்ணை மூடியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நோட்டை எடுத்துப்போய்த் தாத்தாவிடம் காட்டினேன். "அப்போ அந்த மருந்து?" என்றார்.

"நமத்திருந்தா வேகம் இன்னும் கொறஞ்சிருக்கும் தாத்தா. ஆனா நல்ல மருந்தா இருந்தாலும் காத்து உடாது."

"நூறு தப்படின்னா எத்தினி அடி?"

"எரநூத்தம்பது இருக்கும். ராபின்ஸ் கடைசியா அளந்ததே நூத்தி இருவத்தஞ்சுதான்."

தாத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "கிட்டப் போயி சுடலாம்ணான்னு சொன்னேன் பாப்பா, அவருதான் கேக்கல" என்றார். இத்தனை வருஷத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

– பதினோராம் வகுப்பு மாணவி, காணை