வெற்றுக் காசோலையில் கையெழுத்து வேண்டாம்

ரயில்வே பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு 'எம்.பி.' என்கிற அளவுப் புத்தகம் நன்றாகத் தெரியும். முடிந்த வேலையை அளந்து அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் காண்டிராக்டருக்குப் பணம். தவறிப்போய் ஒரு பக்கம் காலியாக நின்றுவிட்டால் குறுக்கே கோடு இழுத்து, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். 35 ஆண்டுகள் இந்த விதியைக் காப்பாற்றிய நான், சொந்த விஷயத்தில் கோட்டை விட்டேன்.

2014-இல் எங்கள் குடியிருப்பில் நம்மவர் ஒருவர் சீட்டு நடத்தினார். மகள் திருமணத்துக்காக நான் சீட்டை எடுத்தபோது, மீதித் தவணைக்கு ஈடாக இரண்டு காசோலைகளில் கையெழுத்து மட்டும் கேட்டார். "நமக்குள்ளே என்ன சார்!" என்றார். கொடுத்தேன். தவணை முழுவதும் கட்டி முடித்தேன். காசோலைகளைத் திரும்பக் கேட்கவில்லை. 2017-இல் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 3 லட்சம் ரூபாய்க் காசோலை பணமின்றித் திரும்பிவிட்டதாம். 15 நாளில் கட்ட வேண்டுமாம்.

"கையெழுத்து மட்டும்தானே என்னுடையது, தொகையை எழுதியது அவர்தானே?" என்று வக்கீலிடம் கேட்டேன். அந்த வாதம் செல்லாது என்றார். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, காசோலை கடனுக்காகவே தரப்பட்டது என்று முதலில் அனுமானிக்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே கூறிவிட்டது. குற்றம் உறுதியானால் 138-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

காசோலைக்கு 3 மாதம்தானே ஆயுள் என்று சிலர் நினைக்கலாம். அது தேதியிலிருந்து கணக்கு. தேதியே போடாத காசோலையில் அவர் எழுதுவதுதான் தேதி!

என்னைக் காப்பாற்றியது ஒவ்வொரு தவணைக்கும் அவர் கையெழுத்திட்ட சீட்டுப் புத்தகம். அதை என் மனைவி பத்திரப்படுத்தியிருந்தாள். நகலோடு 11-ஆம் நாள் பதில் அனுப்பினோம். அவர் வழக்குத் தொடரவில்லை. இன்னொரு காசோலை தொலைந்துவிட்டது என்றார். வங்கியில் எழுதிக் கொடுத்து அதை நிறுத்தி வைத்தேன். ஆனாலும் அந்தத் தாள் எங்கே, யாரிடம் இருக்கிறதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பெயர், தொகை, தேதி மூன்றையும் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். 'அக்கவுண்ட் பேயி' என்று குறுக்குக் கோடிடுங்கள்.

2. ஈடாகக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், காசோலை எண், காரணம், தொகை மூன்றையும் ஒரு கடிதத்தில் எழுதி, வாங்குபவரின் கையெழுத்துடன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

3. கட்டும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். கடைசித் தவணையன்றே காசோலையைத் திரும்பப் பெறுங்கள்.

4. திருப்பித் தராவிட்டால் காரணத்தைக் குறிப்பிட்டு வங்கிக்கும் அவருக்கும் எழுதுங்கள். பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்வதாலோ, கணக்கை மூடுவதாலோ மட்டும் வழக்கிலிருந்து தப்ப முடியாது.

5. நோட்டீஸ் வந்தால் பேசாமல் இருக்காதீர்கள். 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் கொடுங்கள். 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், நோட்டீசுக்குப் பதில் தராததே எதிராளிக்குச் சாதகமாயிற்று.

6. ஊருக்குப் போகும்போது வீட்டுச் செலவுக்கென்று வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டு வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்குப் பதில் கணவன், மனைவி இருவரில் யாரும் பணம் எடுக்கும்படி கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொந்த ஊரை விட்டு வந்த இடத்தில் நம் மொழி பேசுகிறவரைக் கண்டால் மனம் இளகத்தான் செய்யும். நம்பிப் பழகுவோம், ஆனால் காலிப் பக்கத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் பழகுவோம். இன்றே உங்கள் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டி, கணக்கில் வராத எண் ஏதாவது உண்டா என்று பாருங்கள்.